எண்ணெய் விட்ட பியானோ

இன்னொருவருக்குத் துணையாக பியானோவில் உட்கார வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வேலையில் கைதட்டல் கிடையாது. கிடைத்தாலும் அது முன்னால் இருப்பவருக்கு உரியது. நாம் எழுந்து நின்று தலையைக் குனிந்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்ளலாம். நமக்கென்று மிச்சமிருப்பது கவலை மட்டும்தான். முன்னால் வாசிப்பவர் கவலைப்பட ஆரம்பித்தால் வாசிப்பு கெட்டுப்போகும் என்பதால் அவர் பங்கையும் சேர்த்து நாம் கவலைப்பட வேண்டும். "உங்களுக்கு பியானோ வருமோ வராதோ, கவலைப்பட நல்லா வருது" என்று என் மனைவி சொல்லாத நாள் கிடையாது.

விரல், பெடல், தாளம் பற்றியெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை. எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு சாயங்காலம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பேன். அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு எஸ்தர் என்று ஒரு டீச்சர் இருந்தாள். என் தங்கை வயது என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன். அவள் செல்லோ வாசிப்பாள். செல்லோ என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது: வயலின்தான், கொஞ்சம் பெரிசு, உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வைத்து வாசிப்பது.

அவளுடைய அப்பா மதராஸில் சினிமா ரெக்கார்டிங்குகளுக்கு வாசித்தவர். வாத்தியமும் வாசிப்பும் அவர் விட்டுப்போனவை. கணவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவன். முதலில் வருவது நின்றது, பிறகு தகவலும் நின்றது. மாமனார் வீட்டில் ஒரே அறையில், மூன்றாம் வகுப்பு படிக்கிற மகளோடு இருந்தாள். அவள் வாசிக்க உட்கார்ந்தால் மாமனார் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். எங்கள் பள்ளியிலும் அவளுக்கு நிரந்தர வேலை இல்லை.

இந்த நிலைமையில்தான் மலைமேல் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு வயலின், செல்லோ சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்று தெரிந்தது. தங்க வீடு, மகளுக்கு அங்கேயே படிப்பு. ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவரின் பையன்கள் அங்கே படித்தார்கள். அதனால் அந்தப் பள்ளியின் பிரின்சிபால், மில் ஸ்டாஃப் கிளப் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வருவதாக இருந்தது. "விழாவில் அந்த அம்மா வாசிக்கட்டும், கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஆனால் தனியாக வேண்டாம். பியானோவோடு சேர்ந்து வாசிக்கட்டும். தனியாக வாசிக்கிறவர்கள் எனக்கு நிறையக் கிடைக்கிறார்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எஸ்தர் என்னிடம் வந்து சொன்னாள்: "சார், இது அமையலேன்னா செல்லோப் பெட்டிய யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துரணும்னு மாமா சொல்லிட்டாவ. வீட்டுல இடம் அடைக்குதாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன். வேற என்னத்தச் சொல்ல?"

நாங்கள் எடுத்துக்கொண்டது செல்லோவுக்கும் பியானோவுக்குமான ஒரு காதல் இசைத்துண்டு. நிதானமான நடை. செல்லோ அடிக்குரலில் தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கி, நடுவில் உச்சிக்கு ஏறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கடைசியில் ஒற்றை ஸ்வரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த ஸ்வரத்துக்குக் கீழே பியானோ மெதுவாக, பல ஸ்வரங்களை ஒரே அழுத்தாகச் சேர்த்து, மூன்று கோர்டு வைக்கும். அதோடு முடிந்தது. கேட்பதற்குச் சுலபம். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது என்பதுதான் வாசிக்கிறவர்களுக்குத் தொல்லை.

கிளப்பில் ஒரு பழைய பியானோ, சுவரோரம் நிற்கிற ரகம். ராஜபாளையத்தில் அதற்குச் சுருதி கூட்ட ஆள் இல்லை. மதுரையிலிருந்து வருகிறவர் வந்தால் வருவார், வராவிட்டால் இல்லை. ஆகவே விழாவுக்கு முந்தின நாள் நானே சுருதி கூட்டுகிற சாவியை எடுத்துக்கொண்டு போனேன். கம்பி சுற்றியிருக்கும் ஆணிகள் மரத்துக்குள் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. எனக்கு உதவிக்கு மில் ஃபிட்டர் வேலுச்சாமியைப் போட்டிருந்தார்கள். நல்ல மனுஷன். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், டீ வாங்கி வந்தார். நான் வாய் சும்மா இராமல், "இந்த ஆணி ஒண்ணொண்ணும் என் உயிர வாங்குதுய்யா, எம்புட்டு இறுக்கம்!" என்று சலித்துக்கொண்டே வேலை பார்த்தேன். பிள்ளைகளே, மில் ஊரில் ஃபிட்டர் காதில் விழும்படி ஒரு இயந்திரத்தைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள்.

மறுநாள் எஸ்தரும் நானும் பஸ்ஸில் கிளம்பினோம். செல்லோப் பெட்டியைப் பார்த்த கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "என்ன சார் இது, ஆள் நீளத்துக்கு இருக்கு? உள்ள யாரும் இல்லல்ல?" என்றார். பின் சீட்டில் படுக்கவைக்க எஸ்தர் விடவில்லை. வழி முழுக்க நின்றபடி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் வலது கை நடுங்குவதை நான் பார்த்தேன். வில் பிடிக்கிற கை அது. பஸ்ஸின் ஆட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிளப்பில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பியானோவின் மேல்மூடியைத் தூக்கினேன். குப்பென்று எண்ணெய் வாடை.

உள்ளே கண்ணில் பட்ட ஒவ்வொரு ஆணியின் கழுத்திலும் பளபளவென்று ஈரம். ஒரு சொட்டு கூடச் சிந்தாமல், அக்கறையாக, பக்குவமாக விட்டிருந்தது. வேலுச்சாமி ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நேத்து நீங்க போன பொறவு விட்டேன் சார். நூல் சுத்துற கதிருக்கு விடுற ஸ்பிண்டில் ஆயில், சுத்தமானது. நீங்க பட்ட பாட்டப் பாத்துட்டு மனசு கேக்கல. இப்பத் திருகிப் பாருங்க, வெண்ணெ மாதிரி சுத்தும்."

சுற்றியது. சாவியை வைத்ததும் வெண்ணெய் மாதிரிதான் சுற்றியது. சாவியை எடுத்ததும் அதே மாதிரி தானாகத் திரும்பி வந்தது. ஆணியை மரம் பிடிக்கிற பிடிதான் பியானோவின் சுருதி. எண்ணெய் ஊறியதும் அந்தப் பிடி போய்விட்டது. நேற்று நான் கூட்டிய சுருதியெல்லாம் ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கட்டையை அழுத்தினால் கள்ளுக்கடையில் மூன்று பேர் சேர்ந்து பாடுவதுபோல் சத்தம் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனுஷனை ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சாவியைக் கீழே வைத்துவிட்டேன். "எல்லா ஆணிக்கும் விட்டீரா?" என்று மட்டும் கேட்டேன்.

"இடது கைப் பக்கம் கடைசில இருக்கிற தடிக் கம்பிக்கு மட்டும் விடல சார். அம்புட்டுத் தடிக்கு ஆயில் பத்தாது, கிரீஸ்தான் வைக்கணும். ஸ்டோர்ல கிரீஸ் இல்ல."

அந்த ஸ்டோர் கீப்பர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினேன். ஆக, அடிக்குரல் மட்டும் பிழைத்திருந்தது.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் உதவியாளரிடம் தெலுங்கில் ஏதோ பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரய்யா, மொதலாளி முன்னால நம்ம பியானோ ரிப்பேருன்னு சொன்னா, யார் பண்ணுனான்னு கேப்பாவ. வேலுச்சாமி பொழப்புக்கு வந்து நிக்கும். பிரின்சிபால் இன்னைக்கே மலையேறுதாரு. வாசிக்கிறதா, நிப்பாட்டுறதா? நீங்களே ஒரு முடிவச் சொல்லுங்க."

நிறுத்தினால் எஸ்தருக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. தனியாக வாசிக்கச் சொன்னால் அதைத்தான் பிரின்சிபால் வேண்டாம் என்றிருக்கிறார். இப்படியே வாசித்தால் முதல் கோர்டிலேயே மானம் போகும். மூன்று பக்கமும் அடைத்துக்கொண்டால் மனுஷனுக்கு ஒரு நிதானம் வருமே, அது எனக்கு வந்தது. எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எதைச் சரிசெய்யலாம் என்று கண்ணுக்குத் தெரிகிறது.

பியானோவில் நடுக்குரலுக்கும் மேற்குரலுக்கும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. மூன்றும் மூன்று விதமாக இறங்குவதால்தான் அந்தக் கள்ளுக்கடைச் சத்தம். இரண்டு கம்பியை ஊமையாக்கிவிட்டால் ஒன்று மட்டும் பேசும். அது கொஞ்சம் இறங்கினாலும் கேட்பவருக்கு உடனே தெரியாது. கம்பிகளுக்கு நடுவே செருக எனக்கு நீளமான துணிநாடா வேண்டும் என்றேன். வேலுச்சாமி மில்லுக்கு ஓடி, ஸ்பிண்டிலை ஓட்டுகிற பருத்தி நாடாவை ஒரு சுருள் கொண்டுவந்தார். கழிவுப் பஞ்சால் எண்ணெயைத் துடைத்தோம். பலகையில் எழுதுகிற சாக்பீஸை நுணுக்கி ஆணிகளின் கழுத்தில் தூவினேன். நாடாவைச் செருகினேன். மிஞ்சியிருந்த ஒற்றைக் கம்பிகளை, இந்தத் துண்டுக்குத் தேவையானவற்றை மட்டும், செல்லோவோடு சேர்த்துக் கூட்டினேன். நின்றன. எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கர்த்தருக்குத்தான் தெரியும்.

இனி எஸ்தரிடம் சொல்வதா வேண்டாமா? இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாடாவையும் பஞ்சையும் அவள் பார்த்திருந்தாள். மில் பியானோவை என்னவோ ஒக்கிட்டுச் சரிசெய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மூலையில் வில்லுக்கு ரோசனப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவள் பயம் இரண்டு மடங்காகும். சொல்லாவிட்டால், நடுவில் பியானோ இறங்கும்போது தப்பு தன் விரலில்தான் என்று நினைத்து அவளும் இறங்குவாள். அவள் இறங்க, நான் இறங்க, இருவரும் கைகோத்துக்கொண்டு கிணற்றில் விழ வேண்டியதுதான். பயந்தவர்களிடம் விஷயத்தை மறைப்பது கருணை என்று நாம் நினைக்கிறோம். பாதி நேரம் அது நம் சோம்பல்.

சொன்னேன். அவள் வில்லைக் கீழே வைத்தாள்.

"சந்தேகம் வந்தா பியானோவக் கேளுன்னுதான் சார் எங்கப்பா சொல்லித் தந்தாவ. நான் தப்பா, அது தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னைக்கு ஒரு நாள், எப்பவும் தப்பு பியானோதான்னு வச்சுக்க. உன் சுருதிய நீ விடாத. என்னால உன்னோட ஒட்டி வர முடியலேன்னா நான் கைய எடுத்துருவேன். நான் கைய எடுத்தா பயந்து நிப்பாட்டிராத."

"நீங்க இல்லாம என்னால முடியாது சார்."

"முடியுமான்னு நான் கேக்கல. நிப்பாட்டாதன்னு சொல்றேன்."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவள் கண் கலங்கியது. ஆனால் தலையாட்டினாள்.

பிரின்சிபால் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். நம் ஆட்கள்தான் வரவேற்புரை, வாழ்த்துரை, ஆண்டறிக்கை, பொன்னாடை என்று இழுத்தார்கள். ஒருவர் பேசி முடித்ததும் அவருக்கு ஒரு பொன்னாடை, போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை. நான் பியானோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பேச்சுக்கும் எத்தனை கம்பி இறங்கியிருக்குமோ என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டையைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. ஒருவர் களைப்பாக வந்து பியானோ மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு நகர்த்தினேன். எதிரே கதவோரம் வேலுச்சாமி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் மகளின் கல்யாணத்தைப் பார்க்க வந்தவர் போல நின்றார்.

ஒருவழியாக எங்களைக் கூப்பிட்டார்கள். எஸ்தர் உட்கார்ந்தாள். வில்லைக் கம்பிமேல் வைத்தாள். நான் முதல் கோர்டை வைத்தேன். ஒற்றைக் கம்பிகள் ஆனதால் பியானோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் மெலிதாகக் கேட்டது. ஆனால் சுருதி இருந்தது. அவள் தொடங்கினாள். அடிக்குரலில் ஆரம்பத்தில் ஒரு கரகரப்பு, பிறகு அது தெளிந்தது. அவளுக்குப் பின்னால் சாய்ந்துகொள்ள பியானோவின் பெரிய சத்தம் இல்லை. அவளே அறையை நிரப்ப வேண்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினாள்.

நடுப்பகுதியில் அவள் உச்சிக்கு ஏறியபோது என் வலது கையின் கீழே ஒரு ஸ்வரம் வழுக்கியது. அடுத்த வரியில் இன்னொன்று. எஸ்தரின் காது கூர்மையான காது. அவள் இடது கை விரல் என்னைத் தேடிச் சுருதியில் ஒரு மயிரிழை கீழே நகர்வதை நான் கேட்டேன். அவள் அப்பா பழக்கியது அவளை இழுத்தது. இன்னும் இரண்டு தடவை நான் அந்த ஸ்வரத்தைத் தொட்டால் அவள் முழுசாக என்னோடு வந்துவிடுவாள்.

வலது கையை எடுத்தேன். அவளுக்குத் தெரியும்படி மடியில் வைத்தேன்.

இதுவரை நீங்கள் பழகியதெல்லாம் வாசிப்பதற்கு. கையை எடுப்பதற்கு யாரும் பயிற்சி தருவதில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையில் வேலை இருக்கும்போது, செய்யாமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இடது கையால் கிரீஸ் கிடைக்காமல் தப்பிய அந்த அடிக்குரல்களை மட்டும் வாசித்தேன். எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை, சுத்தமான கோபம்தான் இருந்தது. பிறகு அவள் விரல் பழைய இடத்துக்கு ஏறியது. அங்கேயே நின்றது.

கடைசி ஸ்வரம் வந்தது. அதற்குக் கீழே என் மூன்று கோர்டு. மூன்றுமே இறங்கிப்போன கட்டைகளில் இருந்தன. இடது கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அந்த ஸ்வரத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வில் மெல்ல மெல்ல நுனிக்குப் போயிற்று. கை நடுங்கவில்லை. சத்தம் எங்கே முடிந்தது என்று தெரியாமல், அவள் வில்லைத் தாழ்த்திய பிறகுதான் கைதட்டினார்கள்.

விழா முடிந்ததும் பிரின்சிபால் நேராக எங்களிடம் வந்தார். பின்னாலேயே முதலாளி, மேனேஜர், கதவோரத்திலிருந்து வேலுச்சாமி.

"கடைசியில் பியானோவுக்கு மூன்று கோர்டு உண்டே?" என்று என்னைக் கேட்டார். அவருக்கு அந்தத் துண்டு தெரிந்திருந்தது.

மேனேஜர் என்னைப் பார்த்தார். எஸ்தர் தரையைப் பார்த்தாள்.

"உண்டு சார்," என்றேன். "இன்னைக்குத் தேவைப்படல."

அவர் பியானோவிடம் போய் ஒரு கட்டையை அழுத்தினார். இன்னொன்றை அழுத்தினார். குனிந்து மோந்து பார்த்தார். மூடியை மெதுவாக மூடிவிட்டு எஸ்தரிடம் வந்தார்.

"பியானோ இறங்குவது நடுவிலேயே தெரிந்துவிட்டது இல்லையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது சார்."

"அவரோடு இறங்கிப் போகலாம் என்று தோன்றவில்லையா?"

"தோணுச்சு சார்," என்றாள் எஸ்தர். "போகக்கூடாதுன்னு இருந்தேன்."

அவர் சிரித்தார். "என் பள்ளியில் நாற்பது பிள்ளைகள் வயலின் வைத்திருக்கிறார்கள். ஒருவனும் சுருதியில் இல்லை. அவர்கள் நடுவில் உட்கார்ந்து தன் சுருதியை விடாத ஆள்தான் எனக்கு வேண்டும். மகளுக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், ஜூனில் மலைமேல் குளிரும்."

எஸ்தர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். செல்லோவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்க நாடாவைக் கழற்றுகிற சாக்கில் பியானோவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"நீங்க கைய எடுத்தப்போ உங்களக் கடிச்சுத் துப்பிரணும்போல இருந்துச்சு சார்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. துணைக்கு வாசித்த எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். மனதில் நின்றது இதுதான்.

பிறகு மதுரையிலிருந்து ஆள் வந்து அந்தப் பியானோவின் ஆணியெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. பழசாகிவிட்டது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். யாரும் யாரையும் கேட்கவில்லை.

நாங்கள் கிளம்பும்போது வேலுச்சாமி செல்லோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். வழியெல்லாம் எதையோ கேட்க நினைத்து அடக்கிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா என்று அதற்கும் ஒரு கவலை பட்டுக்கொண்டே நடந்தேன். பஸ் வந்ததும் பெட்டியை உள்ளே ஏற்றிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"சார், எண்ணெ விட்டது நல்லதாப் போச்சுல்ல?" என்றார். "ஆரம்பத்துல லேசாச் சத்தம் வந்துச்சு, கேட்டேன். போகப் போகக் கொறஞ்சு, கடைசில பாருங்க, சத்தமே இல்லாம ஓடுச்சு!"

மில்காரர் ஒரு இயந்திரத்துக்குத் தரக்கூடிய பாராட்டில் அதற்கு மேலே ஒன்று கிடையாது. பிள்ளைகளே, நம் வேலைக்கும் கிடையாது.

"ஆமா வேலுச்சாமி," என்றேன். "நல்லாவே ஓடுச்சு."